தோள் பேசாத காலை

தண்ணீரில் விளையாடினால் அடி படாது என்று சொல்கிறவர்கள், நீந்துகிற பிள்ளை ஒன்றைப் பெற்று வளர்த்துப் பார்க்கவேண்டும். மண்ணாங்கட்டியும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கபடி ஆடினால் முட்டி போகும், பந்து ஆடினால் பல் போகும், தண்ணீரில் என்ன போகும், அழுக்குத்தானே போகும் என்று தி. நகர் உஸ்மான் சாலைக்குப் பின்பக்கச் சந்தில், தான் தூக்குகிற துணி மூட்டைகளான பேல்களுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தவர்தான் அவர். மகள் தமிழ்நிலா நீச்சல் குளத்தில் இறங்கின பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்.

முதலில் காது போனது. உள்ளே தண்ணீர் தங்கிச் சீழ் கோத்து, தலையணையில் தலை வைக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். பிறகு கண். குளோரின் பட்டுப் பட்டு, நாள் முழுக்க வெங்காயம் உரித்தவள் மாதிரி சிவந்து கிடக்கும். பிறகு ஒரு வறட்டு இருமல் வந்தது, மழைக்காலம் முழுக்கப் போகவில்லை. அத்தனையையும் தாங்கிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மூட்டை தூக்குகிறவன் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். இவள் ஒரு நாள் போகாவிட்டால் உடம்பு தண்ணீரை மறந்துவிடுமாம். மறுபடியும் ஞாபகப்படுத்த ஒரு வாரம் பிடிக்குமாம். இப்படி ஒரு கறாரான முதலாளியை மண்ணாங்கட்டி வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் உயிர் பயத்தினால்தான். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அம்மா வைத்த பெயர். பெயர்தான் மண். ஆள் பேல் தூக்கித் தூக்கிப் பாறை மாதிரி இருந்தார். கல்யாணமாகி மனைவி வேலம்மாவின் ஊரான ஊரூர் குப்பத்துக்கே குடிவந்துவிட்டார். வேலம்மா பெசன்ட் நகரில் மீன் விற்கிறாள். ஒரே பெண் தமிழ்நிலா. நடக்கக் கற்றுக்கொண்டதும் கடலுக்குள் ஓடினவள். பள்ளிக்கூடத்துக் கோடை முகாமில் அவள் நீந்தியதைப் பார்த்த வைதேகி மேடம், அடையாறில் தான் பயிற்சி கொடுக்கும் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது கல்லூரி இரண்டாம் வருடம். எண்ணூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாநிலத்திலேயே அவளை முந்த ஆளில்லை.

எண்ணூறு மீட்டர் என்றால் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பதினாறு தரம். போட்டி அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் அதற்காகத் தினமும் காலையும் மாலையும் நீந்துவது இருக்கிறதே, அதைக் கணக்குப் போட்டால் இந்நேரம் இலங்கைக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். ஒவ்வொரு வீச்சுக்கும் தோள் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். கிணற்று உருளை கூட அவ்வளவு சுற்றியிருக்காது.

அந்த வலது தோள்தான் ஆடி மாதத்தில் வலிக்க ஆரம்பித்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தக் குளத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பையில் ஒரு தைல டப்பா இருந்தது. தோள் வலி என்பது அங்கே தலையில் ஈரம் மாதிரி, இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

"தோள் மாத்திக்கினேன் நைனா. வலதுல கம்மியா இழுத்து, இடதுல ஜாஸ்தியா இழுக்கறேன். மூச்சும் ஒரே பக்கம்தான். சூப்பரா போய்க்கினு கீது."

மண்ணாங்கட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. தோள் மாற்றுவது மூட்டைக்காரர்களின் வித்தை. ஒரு தோள் கொதித்தால் நடையை நிறுத்தாமல், கழுத்தைக் குனிந்து, மூட்டையை அடுத்த தோளுக்கு உருட்டிவிடுவார்கள். கீழே இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் தேடவேண்டும். சின்ன வயசில் சந்தில் நின்று அதைப் பார்த்த பிள்ளை, தண்ணீருக்குள் கொண்டுபோய்விட்டாள் பாருங்கள். அடுத்த நாளே, தன்னோடு மூட்டை தூக்குகிற அப்துல் சமத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

"நம்ம தொயிலு இப்ப நேஷனல் லெவலுக்குப் போய்க்கினு கீது சமத்து."

"அப்ப நம்மள நேஷனலுக்கு எப்ப கூப்புடுவாங்க?" என்றார் சமத், தலையில் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே.

புரட்டாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைப் பயிற்சி முடித்து வந்த தமிழ்நிலா, சீப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் போய்க் குந்தினாள்.

"இன்னாடி, கொயந்தையா நீ? வாரிக்கோ" என்றாள் வேலம்மா. மீன் கூடையில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தாள். "என் கையெல்லாம் வஞ்சிரம் நாத்தம்."

"பரவால்ல, வாரி வுடு."

"உன் தலைல அடிக்கிற குளோரினுக்கு வஞ்சிரமே தேவலாம்னு பாக்கறியா?"

தமிழ்நிலா சிரித்தாள். ஆனால் சீப்பை நீட்டின கை இடுப்புக்கு மேலே வரவில்லை. வேலம்மாவுக்கு என்னவோ போல் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, விளையாட்டுப் போல மகளின் இடது கையைப் பிடித்து மேலே உயர்த்தினாள். "யம்மா" என்று வந்தது ஒரு சத்தம். டீ குடித்துக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பேல் சரிந்து ஆள் மேல் விழும்போது வருகிற சத்தம் அது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"வலது தான நைனாகிட்ட சொன்ன?" என்றாள் வேலம்மா.

"இப்ப ரெண்டும்" என்றாள் தமிழ்நிலா, தரையைப் பார்த்துக்கொண்டே.

அன்று சாயங்காலமே குளத்துக்குப் பின்னால் இருந்த பிசியோ அறைக்கு மூவரும் போனார்கள். பிசியோ பார்க்கிற அஃப்சருன்னிசா இருந்தாள். வைதேகி மேடம் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி வந்திருந்தார். அஃப்சருன்னிசா இரண்டு தோளையும் அமுக்கி, திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே உள்ளே பார்த்தாள்.

"வலது தோள் நொந்துபோச்சுன்னு எல்லா வேலையையும் இடதுக்குத் தள்ளியிருக்கா. இப்ப ரெண்டுலயும் உள்ள வீக்கம். யாரு சொல்லித் தந்தது இது?"

"யாரும் சொல்லலக்கா. நைனா மூட்டை தூக்கச்சொல்ல பாத்துக்கினேன்."

மண்ணாங்கட்டிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அஃப்சருன்னிசா அவரைப் பார்த்துக் கோபப்படவில்லை.

"மூட்டைக்கு மாத்தலாம் அண்ணே. மூட்டை ஒரு நேரத்துல ஒரு தோள்லதான் உக்காந்திருக்கு, இன்னொரு தோள் சும்மா இருக்கு. தண்ணில எந்தத் தோளும் சும்மா இருக்க முடியாதே."

"நேக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமோன்னோடி?" என்றார் வைதேகி மேடம். "நான் என்ன, உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேனா?"

"சொன்னா லேன்ல இருந்து எடுத்துருவீங்க மேடம்."

"எடுத்துத்தான் இருப்பேன்!"

"அதான் சொல்லல."

வைதேகி மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. காரணம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் போட்டி, அதுவும் இந்த வருடம் இதே குளத்தில். எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வருகிற ஒரே ஒருத்திக்குத்தான் இடம். அதை விட்டால் அடுத்த வருடம்தான். குப்பத்துப் பெண், முகாமுக்குப் போனால் சாப்பாடு, மருத்துவர், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்காகத்தான் காது, கண், இருமல், தோள் எல்லாவற்றையும் தின்று செரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

அஃப்சருன்னிசா கடைசியில் ஒரு வழி சொன்னாள்.

"இந்த வாரம் கையே வீசக்கூடாது. ஞாயித்துக்கிழமை காலைல நான் பாப்பேன். ரெண்டு கையும் வலியில்லாம காதைத் தொட்டா இறங்கலாம். வலிச்சா கிடையாது. உள்ள ஒரு தசைநாரு நூலு நூலா நிக்குது. வலியோட இழுத்தா அறுந்துரும். அப்புறம் எந்த வருஷமும் கிடையாது. புரியுதா? வலி இருந்தா இருக்குன்னு சொல்லணும். என்கிட்ட டபாய்க்கக் கூடாது."

"சத்தியமா டபாய்க்கமாட்டேன்க்கா" என்றாள் தமிழ்நிலா.

அந்த வாரம் முழுக்க அவள் என்ன செய்தாள் தெரியுமா? எல்லோரும் கை வீசி நீந்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஓரத்து லேனில் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, காலால் மட்டும் உதைத்துக்கொண்டு போனாள். துடுப்பு இல்லாத படகு மாதிரி. முகம் பாதி தண்ணீருக்குள். சின்னப் பிள்ளைகள் கூட அவளைத் தாண்டிக்கொண்டு போயின. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் மண்ணாங்கட்டி கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ஒரு வேலையை முழுசாகச் செய்யமுடியாத நாளில், முடிந்த பாதியை இத்தனை ஒழுங்காகச் செய்கிற ஆளை அவர் பேல் சந்தில் பார்த்ததே கிடையாது. அவரே செய்ததில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிற நேரம். லாரி லாரியாகப் புடவை பேல்கள். ஏற்றுக்கூலிகள் எல்லோரும் சட்டைப் பையில் செட்டு வைத்திருந்தார்கள். செட்டு என்றால் ஒன்றுமில்லை. சந்து முனை மருந்துக்கடையில் போய், "ஒடம்பு வலி, ரெண்டு வேளைக்கு" என்று சொன்னால் போதும். கடைக்காரர் டாக்டர் சீட்டெல்லாம் கேட்கமாட்டார். டப்பா டப்பாவாகத் திறந்து, பெரிசு ஒன்று, மஞ்சள் ஒன்று, பொடிசு ஒன்று என்று வெள்ளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். அதற்குப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. விழுங்கினால் மறுநாள் உடம்பு புதுசு.

"இன்னா மண்ணு, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றார் சமத்.

"பாப்பாக்குத் தோளு. ஞாயித்துக்கெயமக்குள்ள வலி போவணும்."

"அட, செட்டு குடுப்பா! போன தீவாளிக்கு நான் இடுப்பு புடிச்சிக்கினு எயுந்திருக்க முடியாம கெடந்தேன்ல? ரெண்டே வேளை. எங்க வூட்டுக்காரி டான்ஸ் ஆடச் சொன்னாக்கூட ஆடியிருப்பேன்."

"ஆடுனியா?"

"அவ எங்க சொன்னா!"

மண்ணாங்கட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு வேளைக்குச் செட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தமிழ்நிலா காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பாம்பைப் பார்த்தவள் மாதிரி மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போயிடு நைனா. என் கண்ணுல காட்டாத. இருமல் மருந்துகூட மேடத்தக் கேட்டுத்தான் குடிக்கணும்."

"இன்னா, வெஷமா இது? நான் இருவது வருஷமா முயுங்கறேன். செத்தா பூட்டேன்?"

"வெஷமா இன்னான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுதான் வேணாங்கறேன்."

பெரிய இடத்து ஆட்களோடு பழகிப் பிள்ளைக்குப் பயம் பிடித்துவிட்டது என்று நினைத்தார் அவர். வலி போனால் இறங்கலாம், வலி இருந்தால் இறங்கக்கூடாது. அஃப்சருன்னிசா அவ்வளவுதானே சொன்னாள்? வலியைப் போக்குகிற சாமான் சட்டைப் பையில் இருக்கும்போது, பெற்றவன் சும்மா உட்கார்ந்திருப்பானா?

வீட்டில் கஞ்சி காய்ச்சுவது எப்போதும் அவர் வேலை. வேலம்மா விடியற்காலையில் கரைக்கு மீன் எடுக்கப் போய்விடுவாள். சனிக்கிழமை சாயங்காலம், வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சியைக் கிளறிவிட்டு, டம்ளரின் அடியால் ஒரு வேளை மாத்திரையை நுணுக்கிக் கலந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கலந்தார்.

"இன்னா நைனா, கசக்குது?"

"கேவுரு புதுசும்மா. குடி."

குடித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை குளத்தைச் சுற்றித் தோரணம் கட்டியிருந்தார்கள். மைக்கில் யாரோ "ஹலோ, ஹலோ, சோதனை" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி சிமெண்ட் படிக்கட்டில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தமிழ்நிலா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அஃப்சருன்னிசா.

"காதைத் தொட்டேன் நைனா! ரெண்டு கையும்! வலியே இல்ல!" அங்கேயே நின்று இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கிக் காட்டினாள். சிறகு மாதிரி போயின கைகள்.

"எனக்கே ஆச்சரியமா இருக்கு அண்ணே" என்றாள் அஃப்சருன்னிசா. "இப்படிப்பட்ட வீக்கம் இவ்ளோ சீக்கிரம் வடிஞ்சு நான் பார்த்ததே இல்ல. காலைல உங்க கஞ்சிதான் குடிச்சாளாம், அதுல அப்படி என்னதான் போடறீங்க?"

அவள் தமாஷாகத்தான் கேட்டாள். மண்ணாங்கட்டிக்குச் சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து மீதி இருந்த பொட்டலத்தை எடுத்து, கோயில் விபூதி கொடுக்கிற மாதிரி நீட்டினார்.

"வேற இன்னாம்மா, நம்ம செட்டுதான். பாப்பா பயந்துச்சு. அதான் நானே கரைச்சிக் குடுத்துட்டேன். நைனா இருக்கச்சொல்ல அதுக்கு இன்னா கவல?"

தமிழ்நிலாவின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

அஃப்சருன்னிசா காகிதத்தைப் பிரித்து மாத்திரைகளை உள்ளங்கையில் தள்ளிப் பார்த்தாள். பொடிசாக இருந்த வெள்ளையை விரல் நுனியில் எடுத்தாள். அதில் அழுத்தியிருந்த எழுத்தை வெயிலில் பிடித்துப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இது ஸ்டீராய்டு. வீக்கத்தையும் வலியையும் அப்படியே அமுக்கி உக்கார வெச்சிரும். போட்டி சமயத்துல இத வாயால சாப்பிடக் கூடாதுன்னு தடை இருக்கு. டெஸ்ட் எடுத்தா மூத்திரத்துல காட்டிக்கொடுத்துரும். இவளைத் தண்ணி பக்கமே வரவிடாம ஒதுக்கி வெச்சிருவாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும்." அவள் தமிழ்நிலாவின் தோளைத் தொட்டாள். "உள்ள அந்த நாரு அப்படியேதான் நிக்குது. ஆறவே இல்ல. வலிதான் தெரியல. இப்ப இவ முழு வேகத்துல இழுத்தா, அறுந்தாக்கூட இவளுக்குத் தெரியாது. கரைக்கு வந்தப்புறம்தான் தெரியும்."

மண்ணாங்கட்டி மாத்திரைகளை வாங்கி அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தார். அப்புறம் அவர் ஒரு வார்த்தை சொன்னார். பெற்றவன் சொல்கிற வார்த்தைதான்.

"இங்க டெஸ்ட் எடுக்கறவங்க யாரும் வந்த மாரி தெரில. நாம மூணு பேருக்குத்தான் இது தெரியும். நான் வாயே தொறக்கமாட்டேன். நீ பாத்து, மெதுவா இழு பாப்பா. மெதுவா இழுத்தாக்கூட நீதான் ஃபர்ஸ்ட்டு."

தமிழ்நிலா வலது கையை முன்னால் நீட்டினாள். மடக்கினாள். தோளை ஒரு சுற்றுச் சுற்றினாள். இடதையும் அப்படியே. கீழே தண்ணீர் நீலமாக, கயிறுகள் இழுத்துக் கட்டி, அவளுக்காகவே தயாராக வைத்த மாதிரி கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டாள். அது முகத்தில் தெரிந்தது. பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை. மண்ணாங்கட்டி, சரி, இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தார்.

"நைனா" என்றாள். "இத்தினி நாளும் இந்தத் தோளு என்கிட்ட பேசிக்கினே இருந்துச்சு. இங்க இழுக்காத, இப்டித் திருப்பாதன்னு. பேஜாராத்தான் இருக்கும். ஆனா அது சொல்றத வெச்சித்தான் நான் நீந்துவேன். இன்னிக்கு அது வாயே தொறக்கல. நீ அதும் வாயில துணி வெச்சி அடைச்சிட்ட. ஒண்ணுமே சொல்லாத தோள வெச்சிக்கினு மெதுவா இழுன்னா, எது மெதுவு எது வேகம்னு எனக்கு யாரு சொல்லுவா?"

அவர் அவள் கையைப் பிடித்தார். "நைனா தெரியாம..."

"தெரியும். உன் மேல கோவம் கீது. நெறயக் கீது. வூட்டுக்குப் போய் வெச்சிக்கறேன். இப்ப எனக்கு வேல கீது." அஃப்சருன்னிசா பக்கம் திரும்பினாள். "மேடத்தக் கூப்புடுங்கக்கா."

வைதேகி மேடம் வந்தார். அஃப்சருன்னிசா சொல்லச் சொல்ல, நின்றுகொண்டிருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மண்ணாங்கட்டி அடி வாங்கத் தயாராகக் குனிந்து நின்றார். அந்த அம்மா அவரைத் திட்டவில்லை. தமிழ்நிலாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் நீந்தினவர். பேசும்போது குரல் மெதுவாக வந்தது.

"இன்னும் ஒரு வருஷம்டி."

"தெரியும் மேடம்."

"நான் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா? தோள் சரியில்லேன்னு மட்டும் சொன்னாப் போறும்."

"வேணாம் மேடம். நானே சொல்றேன். மாத்திரையும் சேத்துதான் சொல்லுவேன். பின்னால யாரோ வந்து கேக்கறதுக்கு முன்ன, நானே இப்ப சொல்லிட்டா முடிஞ்சிது."

அவள் நேராக அதிகாரிகள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நடந்தாள். நீச்சல் உடைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, ஈரக் காலோடு. மண்ணாங்கட்டிக்கு அவள் பேசியது கேட்கவில்லை. ஆனால் பார்த்தார். கோட்டு போட்ட ஒரு பெரியவர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு என்னவோ கேட்டார், பிறகு எழுந்து நின்று அவள் சொல்வதைக் கேட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாத ஆள் போலத் தெரிந்தவர், எழுந்து நின்றுதான் கேட்டார். அவள் குனியவும் இல்லை, கை பிசையவும் இல்லை. பேல் எண்ணிக்கை குறைந்தால் முதலாளி முன்னால் போய் நிற்கும்போது மண்ணாங்கட்டியின் கால் எப்படி நடுங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். இந்தப் பெண்ணுக்கு இந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது? தன்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

மைக் கரகரத்தது. "எண்ணூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல், பெண்கள். நான்காவது லேன், மண்ணாங்கட்டி தமிழ்நிலா, விலகல்." அப்பா பெயரைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். பிறகு 'விலகல்' என்றது காதில் விழுந்ததும் படிக்கட்டு முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது.

எப்போதும் தமிழ்நிலாவுக்கு அடுத்து இரண்டாவதாக வருகிற அனன்யா, மயிலாப்பூர்ப் பெண், தொப்பியும் கண்ணாடியுமாக ஓடி வந்தாள்.

"என்னடி இது? நீ இல்லாம நான் ஜெயிச்சா அது ஒரு ஜெயமா? எல்லாரும் என்ன சொல்லுவா?"

"ஜெயிக்கறதப் பத்தி இப்பவே பேசற பாரு, அந்தக் கொயுப்புதான் உன்கிட்ட எனக்குப் புடிச்சிது" என்றாள் தமிழ்நிலா. "மொதல்ல நீந்து. பாதில மூச்சு வாங்கிக்கினு நீ தூங்குவ இல்ல, அந்த எடத்துல தூங்காத. பலகைய நான் புடிக்கறேன்."

நீளமான போட்டிகளில் நீந்துகிறவர்களுக்கு எண்ணிக்கை தவறிப்போகும். அதனால் எதிர்முனையில் ஓர் ஆள் மண்டியிட்டு, இன்னும் எத்தனை பாக்கி என்று எழுதின பலகையை, திரும்ப வருகிறவள் கண்ணில் படும்படி தண்ணீருக்குள் அமுக்கிக் காட்டவேண்டும். அந்தக் குளத்தில் அவரவர் கூட்டாளிகளே பிடிப்பது வழக்கம். அஃப்சருன்னிசாவும் தலையசைத்துவிட்டாள், கையை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்லி.

ஊதல் அடித்தது. எல்லா லேனிலும் தண்ணீர் வெடித்தது, நாலாவது லேனில் மட்டும் ஒரு அலை கூட இல்லை. மண்ணாங்கட்டியால் அந்த வெறும் லேனைப் பார்க்கமுடியவில்லை. பார்வையை எதிர்முனைக்குத் திருப்பினார். அங்கே அவர் பெண் மண்டி போட்டு, கரை விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, அனன்யா வருகிற ஒவ்வொரு முறையும் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். தூக்கினதும் அடுத்த எண்ணை மாற்றிக்கொண்டு தயாராவாள். ஒரு தரம் கூடப் பிந்தவில்லை. தெறித்த தண்ணீர் முகத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கேட்டாள்.

"உங்க பொண்ணு எந்த லேன்?"

"தண்ணில இல்லம்மா. தோ, அந்தாண்ட பலகைய வெச்சிக்கினு கீது பாரு, அது."

"ஓ, ஹெல்ப் பண்ண வந்திருக்கா?"

மண்ணாங்கட்டி வாயைத் திறந்தார். இன்றைக்கு அவள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யாரால் இறங்கவில்லை, என்னவெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு அங்கே மண்டியிட்டிருக்கிறாள் என்று சொல்லலாம் என்று பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

அனன்யா முன்னால்தான் இருந்தாள். ஆனால் பாதி தாண்டினதும் சொல்லி வைத்த மாதிரி தளர்ந்தாள். பக்கத்து லேன்காரி, மதுரைப் பெண் என்றார்கள், அங்குலம் அங்குலமாக நெருங்கிக்கொண்டு வந்தாள். எதிர்முனையில் தமிழ்நிலா பலகையை இறக்கிவிட்டு, குனிந்து, தண்ணீருக்கு நேராக வாயை வைத்துக் கத்தினாள். "தூங்காதடி! இழு! இழு!"

நேற்று வரைக்கும் அது அவள் இடம். முகாமுக்குப் போகும் ரயிலில் அந்தச் சீட்டு அவளுடையது. அதைத்தான் அவள் தொண்டை கிழியக் கத்தி இன்னொருத்திக்குத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நீளத்துக்கு மணி அடித்தது. இரண்டு பெண்களும் தலைக்குத் தலை வந்துகொண்டிருந்தார்கள். தமிழ்நிலா பலகையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, கரையோரமாகவே அனன்யாவுக்குச் சமமாக ஓடி வந்தாள். துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. கையை வீசிவிடப் போகிறாளே என்று அஃப்சருன்னிசா அந்தப் பக்கம் பதறினாள். அவள் வீசவில்லை. இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் கத்திக்கொண்டு ஓடினாள்.

மண்ணாங்கட்டி எழுந்து நின்றார். அனன்யா யார் வீட்டுப் பெண்ணோ, இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேல் ஏற்றும்போது போடுகிற அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, படிக்கட்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"இழும்மா அனன்யா! இழு!"